நிலையா வாழ்வும் நிலைத்த தொண்டும்

செல்வம் நிலையாது, இளமை நிலையாது, யாக்கையும் நிலையாது என்பதைத் தமிழ் மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. திருக்குறளில் நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. நாலடியாரோ இம்மூன்று நிலையாமைகளையும் கூறிய பின்னரே மற்ற அறங்களைக் கூறப் புகுகிறது. கிறிஸ்தவ வேதமும் இதே உண்மையை உரைக்கிறது. அதன் சங்கீதங்கள் மனிதனின் ஆயுளைப் புல்லுக்கும் வயல்வெளிப் பூவுக்கும் ஒப்பிடுகின்றன. ஆகவே, வாழ்வு நில்லாதது என்பதில் சமயங்களுக்குள் வழக்கு ஏதுமில்லை. அதனை அறிந்துகொண்டவர் மறுநாட் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் சிந்தனைக்கு இடமிருக்கிறது.

இவ்வினாவுக்குத் தத்துவ நூல்கள் தரும் விடைகள் பல. சரித்திரம் தரும் விடை ஒரு மனிதரின் வாழ்க்கையாக நம்முன் வந்து நிற்கிறது. அத்தகைய வாழ்க்கை ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தில் தொண்டாற்றிப் புகழ்பெற்ற பண்டித ரமாபாய், மரணத்தை மிக அருகில், பன்முறை கண்டவர். கிறிஸ்தவ நம்பிக்கையில் அவர் கண்ட பொருள் யாது, அதற்காக அவர் கொடுத்த விலை யாது, அதனால் பிறர் பெற்ற பயன் யாது என்பவற்றை முறையே நோக்குவோம்.

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காட்டுப் பகுதியில் பிறந்தார். அது இன்றைய கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்தது. தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே மராத்தியை வீட்டுமொழியாகக் கொண்ட அந்தணர். வடமொழிக் கடலைக் கரைகண்டவர். பெண்களுக்கு வடமொழி கற்பித்தல் தகாது என்று உறவினரும் ஊராரும் கருதிய அக்காலத்தில், அவர் தம் மனைவி லட்சுமிபாய்க்கு அம்மொழியைக் கற்பித்தார். அதனால் எழுந்த எதிர்ப்பு அவரைக் காட்டுக்குள் குடியேறச் செய்தது. லட்சுமிபாய் தாம் கற்றதை மகளுக்கு வழங்கினார். வீட்டுவேலை தொடங்குமுன், விடியற்காலையில் உறங்கும் குழந்தையை எழுப்பி மடியில் இருத்திச் சுலோகங்களைச் சொல்லிக்கொடுப்பது அந்தத் தாயின் வழக்கம். பின்னர்ச் சொத்துக்கள் கைவிட்டுப் போகவே, அக்குடும்பம் கோயில்தோறும் சென்று புராணம் படித்து, அதனால் கிடைத்ததைக் கொண்டு நாடோடி வாழ்க்கை நடத்தலாயிற்று.

1870களில் தென்னாட்டைப் பஞ்சம் வாட்டியது. 1876–78ஆம் ஆண்டுகளில் அது உச்சத்தை எட்டியபோது, ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நம் முன்னோர் அதனை அச்சத்தோடு நினைவில் வைத்துக்கொண்டனர். அந்தப் பஞ்சக் காலத்தில் புராணம் கேட்பார் எவர்? கேட்டு ஈவார்தாம் எவர்? கையிலிருந்த காசும் பாத்திரங்களும் தீர்ந்தபின், இலைகளையும் காட்டுக் கனிகளையும் உண்டு திருப்பதிக் காடுகளில் அக்குடும்பம் நாட்களைக் கழித்தது. முதுமையால் பார்வை இழந்திருந்த தந்தையார் அங்கே உயிர் நீத்தார். சில வாரங்களில் தாயும், பின்னர் மூத்த சகோதரி கிருஷ்ணாபாயும் மறைந்தனர். தாயின் உடலைச் சுடுகாட்டுக்குச் சுமந்து செல்லப் போதிய ஆள் கிடைக்கவில்லை. மனமிரங்கி வந்த அந்தணர் இருவரோடு மகனும் மகளும் சேர்ந்து மூன்று மைல் தூரம் சுமந்தனர். ரமாபாய் உயரம் குறைந்தவராதலால் தம் பங்கைத் தோளில் ஏற்க இயலாமல் தலையில் தாங்கிச் சென்றார். அப்போது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை.

எஞ்சிய அண்ணன் ஸ்ரீநிவாசரும் தங்கையும் கால்நடையாகவே வடநாடு முழுவதும் திரிந்தனர். பஞ்சாபில் ஜீலம் நதிக்கரையில் கடுங்குளிர் அவர்களை வருத்தியது. போர்த்திக்கொள்ளத் துணியில்லை. ஆற்றங்கரையில் புதைகுழி போன்ற இரு குழிகளைத் தோண்டி, அவற்றில் இறங்கி, தலை நீங்கலாக உடல் முழுவதையும் உலர்ந்த மணலால் மூடிக்கொண்டு அவர்கள் இரவைக் கழித்ததாக ரமாபாயே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நிலையாமையை ஏட்டில் கற்றவர் பலர். புதைகுழிக்குள் இறங்கி உயிரைக் காத்துக்கொண்டவரோ மிகச் சிலர்.

1878இல் இருவரும் கல்கத்தாவை அடைந்தனர். பாகவதத்தை மனப்பாடமாகச் சொல்லும் இளம்பெண்ணைக் கண்டு அந்நகரத்துப் பண்டிதர்கள் வியந்தனர். அவரைச் சோதித்து, ‘பண்டிதா’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டங்கள் அளித்தனர். பட்டினியால் வாடிய நாடோடிப் பெண் ஒரே ஆண்டில் நாடறிந்த புலவரானார். ஆனால் அப்புகழுக்குள்ளேயே ஓர் ஐயம் முளைவிட்டது. பெண்களுக்குச் சொற்பொழிவாற்றுவதற்காகத் தர்மசாஸ்திர நூல்களை அவர் ஆழ்ந்து கற்றபோது, பெண்ணுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் வீடுபேற்றின் வாயிலை அந்நூல்கள் அடைத்தே வைத்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஆண்டாளையும் காரைக்காலம்மையாரையும் அறிந்த தமிழர்களாகிய நாம், இந்து சமயத்தின் பரப்பு அவ்வளவில் அடங்கிவிடுவதன்று என்று கூறலாம். எனினும் அவர் கண்ட தடை கற்பனையன்று. தாய்க்குக் கல்வி தந்ததற்காகத் தந்தை காட்டில் குடியிருந்ததை அவர் நேரில் அறிவார்.

1880இல் அண்ணன் ஸ்ரீநிவாசரும் இறந்தார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ரமாபாய், விபின் பிஹாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரைச் சாதி வேற்றுமை பாராது பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அஸ்ஸாமில் சில்சார் நகரில் இல்லறம் நடந்தது. 1881இல் மனோரமா என்னும் பெண் குழந்தை பிறந்தது. 1882ஆம் ஆண்டு பிப்ரவரியில் கணவர் வாந்திபேதி கண்டு மாண்டார். இல்லறம் பதினைந்து மாதங்களே நீடித்தது. அந்த வீட்டின் நூலகத்தில்தான் லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் வங்காளிப் பிரதி ஒன்று ரமாபாயின் கண்ணில் முதன்முதலாகப் பட்டது.

கைக்குழந்தையுடன் பூனாவுக்கு வந்த இளம் விதவை மூலையில் அடங்கியிருக்கவில்லை. 1882இல் ‘ஆரிய மகிளா சமாஜம்’ என்னும் மாதர் சங்கத்தை நிறுவினார்; ‘ஸ்திரீ தர்ம நீதி’ என்னும் மராத்தி நூலை எழுதினார்; கல்வி நிலையை ஆராய வந்த ஹண்டர் குழுவின் முன் தோன்றி, பெண்களுக்குப் பெண் ஆசிரியரும் பெண் மருத்துவரும் வேண்டும் என்று எடுத்துரைத்தார். தாமே மருத்துவம் பயிலும் நோக்கத்துடன், தம் நூல் ஈட்டிய பணத்தைக் கொண்டு 1883இல் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குன்றி வந்தமையால் அந்நோக்கம் நிறைவேறவில்லை. ஆனால் அவருடைய வாழ்வின் திருப்பம் அங்கேதான் நேர்ந்தது.

வாண்டேஜ் என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் கன்னித் துறவியர் அவருக்கு இடமளித்தனர். லண்டனைச் சேர்ந்த ஃபுல்ஹாமில் அவர்கள் நடத்திய இல்லத்தை அவர் பார்வையிட்டார். நெறி தவறியவர்கள் என்று சமூகம் ஒதுக்கிய பெண்களை அங்கே அன்போடு பேணி, மீண்டும் நல்வாழ்வில் நிறுத்தினர். அத்தகையோரைத் தண்டிக்க விதித்த நூல்களை அவர் படித்திருந்தார். அவர்களைத் தேடிச் சென்று மீட்கும் சமயப் பணியை அன்றுதான் கண்டார். இதற்குக் காரணம் யாது என்று வினவியபோது, கிணற்றங்கரையில் இயேசு சமாரியப் பெண்ணுடன் உரையாடிய வரலாற்றைத் துறவியர் படித்துக் காட்டினர். தம் இனத்தாரால் தாழ்வாக எண்ணப்பட்ட இனத்தைச் சேர்ந்தவளும், பலமுறை மணந்து ஊரார் பழிக்கு ஆளானவளும் ஆகிய ஒருத்தியிடம், உயர்ந்த மெய்ப்பொருளை இயேசு தயங்காது உரைத்தார் என்பதே அவ்வரலாற்றின் சாரம். ரமாபாயின் நெஞ்சில் அது ஆழப் பதிந்தது. 1883 செப்டம்பர் 29ஆம் நாள் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர்.

சமயம் மாறிய ரமாபாய் தம் சிந்தனையை எவரிடமும் ஒப்படைத்துவிடவில்லை. திரித்துவக் கோட்பாடு குறித்துத் துறவியரோடு நீண்ட கடிதங்களில் வாதிட்டார். லத்தீன் எழுத்துப் பொறித்த சிலுவையை அணிய மறுத்தார். தம் மக்கள் அறியாத மொழி எதற்கு, வடமொழி எழுத்தைப் பொறித்தால் ஆகாதோ என்பது அவர் கேள்வி. புலால் உண்ணா நோன்பையும் அவர் கைவிடவில்லை. ஒரு குருமார் கூட்டத்தின் நுகத்தடியிலிருந்து வருந்தி விடுபட்டவர் மற்றொரு கூட்டத்தின் நுகத்தில் கழுத்தைக் கொடுக்க இயலாது என்னும் கருத்துப்பட எழுதினார். 1897இல் பூனாவைப் பிளேக் நோய் பற்றியபோது, ஆட்சியாளர் தம் சமயத்தவர் என்று அவர் வாளாவிருக்கவில்லை. மருத்துவமனைகளில் பெண்கள் பட்ட அவலத்தைப் பத்திரிகையில் வெளியிட்டு அரசாங்கத்தைக் கண்டித்தார்.

1886இல் அவர் அமெரிக்கா சென்றது, தம் உறவினரான ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெறும் விழாவைக் காண்பதற்காக. அந்த ஆனந்திபாயும் மறு ஆண்டு பிப்ரவரியில், 22 வயது நிரம்புமுன்னரே மறைந்தார். அதே 1887இல் ரமாபாய், உயர் சாதி இந்துப் பெண்ணின் நிலை குறித்து ஆங்கிலத்தில் எழுதிய நூலைத் தம் தாயின் நினைவுக்குக் காணிக்கையாக்கி வெளியிட்டார். அதனைப் படித்த அமெரிக்கர்கள் பாஸ்டன் நகரில் ஒரு சங்கம் கூட்டிப் பத்து ஆண்டுகளுக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தனர். 1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் ‘சாரதா சதனம்’ என்னும் விதவையர் கல்வியில்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அது பூனாவுக்கு மாறியது. அங்கே முதலில் சேர்ந்த இளம் விதவையான கோதுபாய், 1893இல் தோண்டோ கேசவ கார்வே அவர்களை மறுமணம் செய்துகொண்டார். பிற்காலத்தில் பாரத ரத்னா விருது பெற்ற அக்கார்வே, 1916இல் பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகத்தையே தோற்றுவித்தார். ஒரு விளக்கில் ஏற்றிய சுடர் எத்தனை விளக்குகளுக்குப் பரவும் என்பதை முதல் விளக்கை ஏற்றுபவர் அறிவதில்லை.

நம்பிக்கைக்கு விலையும் இருந்தது. சாரதா சதனத்தில் சமயப் போதனை செய்வதில்லை என்பது ஏற்பாடு. ஆயினும் ரமாபாய் அதிகாலையில் தம் அறைக்கதவை மூடாமல் ஜெபம் செய்வார்; விரும்பிய மாணவியர் உடனிருப்பர். சிலர் கிறிஸ்தவ சமயத்தின்பால் ஈர்க்கப்பட்டனர் என்ற செய்தி பரவவே, திலகரின் ‘கேசரி’ கடுமையாகத் தாக்கியது. ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தத் தலைவர்களும் 1893இல் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். மாணவியர் பலரைப் பெற்றோர் திரும்ப அழைத்துக்கொண்டனர். இதில் பெற்றோரின் அச்சத்தைப் பொருளற்றது என்று நாம் தள்ளிவிடல் ஆகாது. நம்பி ஒப்படைத்த பிள்ளைகள் வேற்றுச் சமயம் புகுவரோ என்று கலங்குவது இயல்பே. கதவை மூடிக்கொண்டு ஜெபிப்பது தம் உள்ளத்துக்குத் துரோகம் என்று ரமாபாய் கருதியதும் அவ்வளவு உண்மை. இரு நியாயங்கள் மோதிய இடம் அது. நண்பர்களை இழந்த பின்னும் அவர் இல்லத்தை மூடவில்லை.

இக்காலத்தில் அவருடைய அகவாழ்விலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஞானஸ்நானம் பெற்று ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே, தாம் கிறிஸ்துவின் சமயத்தை அடைந்திருந்தபோதிலும் கிறிஸ்துவை அடையவில்லை என்று உணர்ந்ததாக அவர் தம் சாட்சியத்தில் கூறுகிறார். அதுவரை அவருக்குச் சமயம் ஒரு சிறந்த கொள்கை. இனி அது இறைவன் தம்மை அறிந்து அழைத்தான் என்னும் உறுதி. இந்த உறுதியின் உரைகல்லாக விரைவில் மற்றொரு பஞ்சம் வந்தது.

1896–97இல் மத்திய மாகாணத்தில் மழை பொய்த்தது. பத்திரிகைச் செய்திகளைப் படித்த ரமாபாய்க்கு இருபது ஆண்டுகளுக்கு முந்திய திருப்பதிக் காடு கண்முன் நின்றது. கையில் போதிய பணமில்லை. ஆதரித்தோர் பலர் விலகியிருந்தனர். ஆயினும் அவர் புறப்பட்டார். நிவாரண முகாம்களிலும் சாலையோரங்களிலும் எலும்புந்தோலுமாய்க் கிடந்த சிறுமியரையும் இளம்பெண்களையும், அவர்களைத் தீயவர்கள் கவர்ந்து செல்லுமுன் மீட்டு, சுமார் 300 பேரைத் தம் பொறுப்பில் ஏற்றார். பூனாவில் பிளேக் பரவியிருந்தமையால் அத்தனை பேரை அங்கே வைத்திருக்க இயலவில்லை. கேட்காவ் என்னும் சிற்றூரில் பழத்தோட்டத்திற்காக முன்பே வாங்கியிருந்த நிலத்தில் குடிசைகள் எழுந்தன. அந்த இடத்திற்கு ‘முக்தி’ என்று பெயரிட்டார்.

பம்பாயிலிருந்து சென்னைக்கு ரயிலில் பயணம் செய்யும் தமிழர் பலர் அந்த ஊரைத் தம்மையறியாமலேயே கடந்திருக்கக்கூடும். புனேயைத் தாண்டித் தௌண்டு சந்திப்பை அடையுமுன் வரும் சிறு நிலையம் அது. அங்கே எழுந்த ஊரில் 1900ஆம் ஆண்டளவில் சுமார் 1,500 பேர் வாழ்ந்தனர். குஜராத் பஞ்சத்தில் மீட்கப்பட்டவர்களும் அவர்களுள் அடங்குவர். கிணறு வெட்டினர், பயிர் செய்தனர், பசுக்களைப் பேணினர், தறி நெய்தனர், எண்ணெய் ஆட்டினர், அச்சுக் கோத்தனர். பார்வையற்ற பெண்களுக்கு மனோரமா புள்ளியெழுத்துக் கற்பித்தார். சாவின் வாயிலிருந்து மீண்டவர்கள் பிறர் கையை எதிர்பாராது வாழ வேண்டும் என்பதே ரமாபாயின் திட்டம். முக்தி என்பது இறப்புக்குப் பின் எய்தும் நிலை என்றே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அச்சொல்லையே அவர் ஒரு சமையற்கூடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் பெயராக்கினார். நில்லாத உடலுக்கு இடும் ஒரு கவளச் சோறும் நித்தியத்தோடு தொடர்புடையது என்பது அப்பெயரின் பொருள்.

அவருடைய இறுதிக் காலத்துப் பணி விவிலிய மொழிபெயர்ப்பு. மராத்தியில் விவிலியம் முன்னரே இருந்தது. ஆனால் அதன் நடை முக்தியிலிருந்த கிராமத்துப் பெண்களுக்கு எட்டவில்லை. ரமாபாய் எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் கற்று, ஏறக்குறைய 18 ஆண்டுகள் உழைத்து, மூலத்திலிருந்தே எளிய மராத்தியில் பெயர்த்தார். மொழிபெயர்ப்பையே அன்றாட அலுவலாகக் கொண்ட நம்மைப் போன்றோர் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். கடினமான சொல்லுக்குக் கடினமான சொல்லை நிறுத்துவது எளிது. கற்றவர் பாராட்டும் கிடைக்கும். வடமொழியில் ‘சரஸ்வதி’ என்று பட்டம் பெற்றவர், அவ்வடமொழிச் செழிப்பையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நேற்று எழுத்தறிந்த பெண்ணுக்கும் விளங்கும் சொல்லைத் தேடிப் பதினெட்டு ஆண்டுகள் செலவிட்டார். தம் புலமையைக் காட்டாமல் அடக்கிக்கொண்டதே அவர் செய்த பெரிய துறவு என்று நாம் கருதுகிறோம்.

1919இல் அரசாங்கம் அவருக்குக் ‘கெய்சர்-இ-ஹிந்த்’ பதக்கம் அளித்தது. தமக்குப் பின் முக்தியைக் காப்பார் என்று அவர் நம்பியிருந்த மகள் மனோரமா, 1921 ஜூலை மாதத்தில், நாற்பது வயதில் காலமானார். தந்தை, தாய், சகோதரி, அண்ணன், கணவர் ஆகியோருக்குப் பின் எஞ்சியிருந்த ஒரே உறவும் போயிற்று. அப்போதும் முக்தியில் உணவு மணி அடித்தது, அச்சுக்கூடம் இயங்கியது, மொழிபெயர்ப்பும் நிறைவெய்தியது. 1922 ஏப்ரல் 5ஆம் நாள் ரமாபாய் மறைந்தார். முழு விவிலியமும் 1924இல் வெளிவந்தது. 1989இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. கேட்காவில் முக்தி இன்றும் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நிழல் தந்து வருகிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? நம்பிக்கை ரமாபாயைத் துன்பத்திலிருந்து விலக்கி வைக்கவில்லை. ஞானஸ்நானத்திற்கு முன் மரணம் வந்ததைப் போலவே, பின்னரும் வந்தது. ஆனால் தாய் தந்தையர் பசியால் மாண்டதற்குப் பொருள் யாது என்ற கேள்விக்கு அவர் ஏட்டில் விடை தேடி நிற்கவில்லை. தம்மைப் போன்ற மற்றொரு சிறுமி பசியால் மாளாதபடி காப்பதையே விடையாகக் கொண்டார். கிணற்றங்கரையில் ஒருத்தியைப் பொருட்படுத்திய இயேசுவின் அன்பு, சாலையோரத்தில் கிடந்த ஒவ்வொருத்தியையும் பொருட்படுத்துமாறு தம்மை ஏவியது என்பது அவர் கண்ட மெய்ப்பொருள்.

அவர் கன்னட நாட்டில் பிறந்து, மராத்தியைப் பேசி, வடமொழியில் வளர்ந்து, வங்காளத்தில் மணந்து, அஸ்ஸாமில் விதவையாகி, மகாராஷ்டிரத்தில் நிலைபெற்றவர். பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் பிழைக்கும் தமிழர்களாகிய நமக்கு இது எண்ணத்தக்கது. எந்த ஊரும் நமக்கு நிலையான ஊரன்று என்னும் எண்ணம் வெளியூரில் வாழ்வோர்க்கு அடிக்கடி தோன்றுவது உண்டு. ரமாபாய்க்கு எந்த ஊருமே சொந்த ஊராக இருந்ததில்லை. வந்து சேர்ந்த இடத்தில், அங்கே துன்புற்றோரின் மொழியில், அவர்களுக்கு வேண்டியதைச் செய்து அவர் வேர்விட்டார். எந்தச் சமயத்தை நெஞ்சில் ஏற்றவராயினும், நமக்கு அளிக்கப்பட்ட சில ஆண்டுகளை அவ்வாறு செலவிட இயலும். அவை சிலவே என்பதனால், நாளை என்று ஒத்திவைக்காமல் இன்றே தொடங்குவது நன்று.